அணிகளுக்கு ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை கொடுங்கள்: ஸ்டெல்லாரிஸ் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பாரடாக்ஸ் நிறுவனத்தில், விண்வெளிப் பேரரசு ஒன்றைக் கட்டி ஆளும் கணினி ஆட்டமான ஸ்டெல்லாரிஸை உருவாக்கி வரும் வடிவமைப்பாளர்களுக்கு, வணக்கம்.

2016 மே 9 அன்று வெளியான ஆட்டத்தை நீங்கள் இன்னும் கைவிடவில்லை. 2021இல் கஸ்டோடியன் என்று தனியாக ஒரு குழுவையே அமைத்து, பழசாகிப்போன பகுதிகளைத் திரும்ப எடுத்துச் சரிசெய்து வருகிறீர்கள். 2025 மே மாதம் வந்த 4.0 பதிப்பில் மக்கள்தொகைக் கணக்கையே அடியோடு மாற்றினீர்கள். இத்தனை ஆண்டு ஓடிய ஆட்டத்தில் இப்படிக் கை வைக்கத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலை நம்பித்தான் எழுதுகிறேன். இந்த ஆட்டத்தை ஆடிவிட்டுத் தமிழில் மணிக்கணக்காக வாதம் செய்பவர்கள் இருக்கிறோம். அவர்களும் படிக்கட்டும் என்று தமிழிலேயே எழுதுகிறேன்.

விஷயம் அரசியல் அணிகள். ஆட்டத்தில் ஃபாக்‌ஷன் என்று பெயர்.

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்டெல்லாரிஸில் எட்டு எதிக்ஸ் (அடிப்படைக் கொள்கைகள்) உண்டு, நான்கு ஜோடிகளாக: போர்க்குணமும் அமைதியும், அந்நிய வெறுப்பும் அந்நிய நேசமும், அதிகாரமும் சமத்துவமும், ஆன்மிகமும் பொருள்முதல்வாதமும். பேரரசை உருவாக்கும்போது மூன்று புள்ளிகளை இவற்றில் பங்கிட்டு அரசின் எதிக்ஸைத் தீர்மானிக்கிறோம். அரசு ஒன்றை நம்புகிறது என்பதற்காக மக்கள் எல்லாரும் அதையே நம்புவதில்லை. அவரவர் எதிக்ஸுக்கு ஏற்ப அணிகள் உருவாகின்றன. ஆன்மிகவாதிகள் ட்ரடிஷனலிஸ்ட் அணியாக, பொருள்முதல்வாதிகள் டெக்னாலஜிஸ்ட் அணியாக, சமத்துவம் கேட்பவர்கள் புரோக்ரஸிவ் அணியாக. ஒவ்வோர் அணிக்கும் கோரிக்கைகள் உண்டு. நிறைவேற்றினால் ஆதரவு ஏறும், மறுத்தால் இறங்கும்.

இந்த அடித்தளம் அருமையானது. மக்கள் மனம் மாறுவதை நீங்கள் அமைத்திருக்கும் விதம்தான் இந்த ஆட்டத்திலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி. நீண்ட காலம் அமைதியாக ஆண்டால் அமைதி விரும்பிகள் பெருகுகிறார்கள். பக்கத்து நாட்டோடு பகையும் போரும் தொடர்ந்தால் போர்க்குணம் பரவுகிறது. அடிமைப்படுத்தப்பட்டவர்கள் சமத்துவத்தின் பக்கம் சாய்கிறார்கள். ஒரு நாட்டைப் பிடித்தால் அந்த மக்கள் வெறும் கைகளாக வருவதில்லை, தங்கள் நம்பிக்கைகளோடு வருகிறார்கள். நேற்று வரை ஒரே குரலில் பேசிய நாட்டுக்குள் இரண்டு கிரகங்களைச் சேர்த்த உடனே புதிய அணி ஒன்று முளைக்கிறது. ஆள்பவன் செய்வதெல்லாம் ஆளப்படுபவர்களை மாற்றுகிறது, அவர்கள் மாறியதும் நாடும் வேறாகிறது. இவ்வளவையும் அமைத்துவிட்டு, கடைசியில் அவர்களுக்குக் கையும் வாயும் கொடுக்காமல் விட்டுவிட்டீர்கள்.

எதைச் சொல்கிறேன் என்பதற்கு ஓர் உதாரணம். பொருள்முதல்வாத அரசு ஒன்று. அதன் மக்களில் பெரும் பங்கினர் காலப்போக்கில் ஆன்மிகத்தின் பக்கம் போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். உயிருள்ள உடலைப் புனிதமாக நினைப்பவர்கள், இயந்திரத்துக்கு ஆன்மா இல்லை என்று நம்புபவர்கள். இப்போது நான் சிந்தெடிக் பாதையைத் தேர்ந்தெடுக்கிறேன். அதாவது என் இனத்தின் ஒவ்வொரு குடிமகனையும் சதையிலிருந்து இயந்திரத்துக்கு மாற்றப் போகிறேன். ஓர் அரசு தன் மக்களிடம் இதைவிடப் பெரிதாக எதையும் கேட்டுவிட முடியாது. இதை எதிர்த்து அந்த ட்ரடிஷனலிஸ்ட் அணி வாக்களித்துத் தடுக்க முடியாது. பேரம் பேச முடியாது. தள்ளிப்போடக்கூட முடியாது. அவர்கள் ஆதரவு எண் இறங்கும், மகிழ்ச்சி குறையும், யூனிட்டி (ஒற்றுமை) என்ற வளத்தின் வரவு சற்று வற்றும். அவ்வளவுதான். எனக்கு அது ஒரு செலவுக் கணக்கு. நாட்டில் பாதிப் பேருக்கு அது உலகம் முடியும் நாள்.

இங்கேதான் கோளாறு என்று நினைக்கிறேன். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை அரசின் எதிக்ஸ் தீர்மானிக்கிறது, மக்கள் தீர்மானிப்பதில்லை. தீவிர அமைதி எதிக்ஸ் கொண்ட அரசு படையெடுக்கவே முடியாது; மக்கள் அத்தனை பேரும் போருக்குத் துடித்தாலும் முடியாது. போர்க்குண அரசு எப்போது வேண்டுமானாலும் படையெடுக்கலாம். மக்கள் அத்தனை பேரும் அமைதி கேட்டாலும் தடையில்லை. பாலிசிகள் எனப்படும் அரசின் சட்டங்களும் அப்படித்தான். பத்து ஆண்டு இடைவெளி கடந்துவிட்டால் போதும், திரையில் ஒரு தட்டு, சட்டம் மாறிவிடும். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

விளைவு, நம்மில் பலர் அணிகளை வருமானமாகத்தான் பார்க்கிறோம். 2017 ஏப்ரலில் 1.5 பதிப்பு அணிகளை இப்போதுள்ள வடிவத்துக்குக் கொண்டுவந்தபோது அவை இன்ஃப்ளுயன்ஸ் (செல்வாக்கு) என்ற வளத்தைக் கொடுத்தன. 2022 பிப்ரவரியில் 3.3 பதிப்பு அதை யூனிட்டியாக மாற்றியது. அந்த மாற்றம் யூனிட்டிக்கு நல்லது செய்தது, மறுக்கவில்லை. ஆனால் அணி என்றால் மாதாமாதம் ஏதோ ஒன்று சொட்டும் குழாய் என்ற எண்ணம் மாறவில்லை. ஓர் அணியை ஊக்குவிப்பது, அடக்குவது, அரவணைப்பது எல்லாமே வரவு செலவுப் பார்வையில்தான் நடக்கிறது. கிளர்ச்சி என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது கிரகத்தின் ஸ்டெபிலிட்டியை, அதாவது நிலைத்தன்மையைப் பார்த்து வருகிறது. ஓர் அணி பேரரசு முழுவதும் திரண்டு, “இதற்கு மேல் பொறுக்க மாட்டோம்” என்று உங்கள் முன்னால் வந்து நிற்பதில்லை.

இது உங்களுக்குத் தெரியாத வித்தை இல்லை. உங்கள் நிறுவனத்தின் குரூஸேடர் கிங்ஸ் 3இல் அதிருப்திப் பிரபுக்கள் ஒன்றுசேர்ந்து பலம் திரட்டி இறுதி எச்சரிக்கை அனுப்புகிறார்கள். ஒப்புக்கொள், அல்லது போரிடு. விக்டோரியா 3இல் ஒரு சட்டம் நிறைவேற வேண்டுமானால் யாரை ஆட்சியில் சேர்த்துக்கொள்வது, யாரைப் பகைத்துக்கொள்வது என்று யோசித்தே ஆக வேண்டும். விண்வெளிப் பேரரசு ஆட்டங்களையே எடுத்துக்கொண்டால், 2017இல் வந்த எண்ட்லெஸ் ஸ்பேஸ் 2இல் செனட் இருக்கிறது, தேர்தல் இருக்கிறது, நீங்கள் கட்டுவதையும் செய்வதையும் பொறுத்துக் கட்சிகள் வளர்கின்றன, எந்தக் கட்சி வலுப்பெறுகிறதோ அதைப் பொறுத்தே சட்டங்கள் கைக்கு வருகின்றன. ஆழம் குறைவுதான், மக்கள் மனம் மாறும் நுணுக்கத்தில் அது ஸ்டெல்லாரிஸுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் அங்கே தேர்தல் நெருங்கும்போது கொஞ்சம் பதற்றம் வருகிறது. இங்கே பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஜனநாயகத் தேர்தல் வருகிறது. பெரும்பாலும் வேட்பாளரின் திறமைகளைப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம்.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. 2020 மார்ச்சில் வந்த ஃபெடரேஷன்ஸ் விரிவாக்கத்தில் நீங்கள் ஒரு முழுப் பாராளுமன்றத்தையே கட்டினீர்கள். கேலக்டிக் கம்யூனிட்டி. அங்கே தீர்மானம் கொண்டுவரலாம், எதிர்க்கலாம், ஒதுங்கி நிற்கலாம். ஒவ்வொரு நாட்டுக்கும் ராஜதந்திர எடை உண்டு. முன்பு செய்த உதவியைச் சொல்லி வாக்குக் கேட்கலாம். தோற்றால் பிடிக்காத சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும், மீறினால் தடைகள் வரும். நண்பர்களோடு இணையத்தில் ஆடும்போது அந்த செனட் நடக்கும் நேரம்தான் எல்லாரும் சத்தமாகப் பேசும் நேரம். அந்நிய நாடுகளோடு இவ்வளவு நுட்பமாக அரசியல் செய்யும் அதே பேரரசர், தன் சொந்த மக்களிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை என்பது பொருந்தவே இல்லை. வெளியே கட்டியதை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

எப்படி என்று கேட்டால், தேவையான பாகங்கள் பாதிக்கு மேல் உங்களிடமே இருக்கின்றன. குடிமக்களின் அரசியல் பலம் என்ற எண் 2018இன் 2.2 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஆளும் அடுக்கினருக்கு அதிகம், அடிமட்டத்தவருக்குக் குறைவு, வாழ்க்கைத் தரத்தைப் பொறுத்து இடைவெளி மாறும். அதையே அணிகளின் வாக்கு எடையாக எடுத்துக்கொள்ளுங்கள். அடிமை முறை, ரோபோ உரிமை, அகதிகளை ஏற்பது, போர்க் கொள்கை போன்ற பெரிய பாலிசிகள் அந்த எடையைத் தாண்டித்தான் நிறைவேற வேண்டும் என்று வையுங்கள். போதாத வாக்குக்கு நான் ஓர் அணியிடம் போய்க் கடன் வாங்க வேண்டும்: “இதை இப்போது விட்டுக்கொடுங்கள், நான் உங்களுக்கு ஒன்று கடமைப்பட்டிருக்கிறேன்.” அந்தக் கடனை அவர்கள் எப்போது திருப்பிக் கேட்பார்கள் என்பது அவர்கள் கையில் இருக்கட்டும். நான் போருக்குத் தயாராகும் நேரம் பார்த்து அமைதி அணி வந்து கடனைக் கேட்டால், அந்த ஒரு நிமிடம் எந்த விண்கப்பல் சண்டையையும்விட நினைவில் நிற்கும். ஃப்ராஸ்ட்பங்க் 2 என்ற நகர ஆட்டத்தில் நூறு பேர் கொண்ட அவையில் வாக்குறுதி கொடுத்துச் சட்டம் நிறைவேற்றுவது இப்படித்தான் நடக்கிறது. ஒற்றை நகரத்துக்கே அது அவ்வளவு உயிர் தருகிறது.

2023இல் வந்த கவுன்சில் முறையையும் இதோடு சேர்க்கலாம். இப்போது திறமையைப் பார்த்து அமைச்சர்களை அமர்த்துகிறோம். ஒரு நாற்காலியை ஓர் அணியின் ஆளுக்குக் கொடுப்பது கூட்டணியின் விலை என்று ஆகட்டும். திறமை குறைந்தவரை ஆராய்ச்சித் துறையில் உட்கார வைத்துவிட்டு அதற்குப் பதிலாக ஒரு சட்டம் வாங்குவதா, வேண்டாமா? இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் நான் ஏங்குகிறேன். அப்புறம், ஆட்சி முறைகளுக்குள் இருக்கும் வேறுபாடும் இதில் தானாக வரும். சர்வாதிகாரத்தில் அவை வேண்டாம்; படைத் தளபதிகள் எந்த அணி என்பது முக்கியமாகட்டும். முடியாட்சியில் ஓர் அணி வாரிசைத் தன் பக்கம் இழுக்கட்டும். இப்போது இந்த எல்லா ஆட்சிகளிலும் அணிகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இயங்குகின்றன. முழு இனமும் ஒரே மனமாக இயங்கும் ஹைவ் மைண்டுக்கு அணிகளே இல்லை என்பதும் அப்போதுதான் ஒரு பெரிய பலமாகத் தெரியும், எதிர்ப்புக் குரலே இல்லாத நாடு என்ற சற்று பயமான உணர்வும் வரும்.

எதிர்ப்பு என்ன வரும் என்று தெரியும். “பேரரசைக் கட்ட வந்திருக்கிறேன், உள்நாட்டுச் சண்டையில் ஏன் நேரம் போக வேண்டும்?” என்று கேட்பவர்கள் நிறைய. அவர்கள் கேட்பது நியாயம். திடீரென்று நான்கு கிரகங்கள் பிரிந்துபோய்விட்டன என்று ஒரு பெட்டி திரையில் வந்தால் எனக்கும் எரிச்சல்தான் வரும். அதனால்தான் தண்டனையைக் கேட்கவில்லை, பேரத்தைக் கேட்கிறேன். வரப்போவது முன்பே தெரிய வேண்டும், விலை தெரிய வேண்டும், மறுத்தால் என்ன ஆகும் என்பது தெரிய வேண்டும். 2022இல் கொண்டுவந்த சிச்சுவேஷன் முறை இதற்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது: மெல்ல நகரும் ஓர் அளவு, நடுவில் நான் தேர்ந்தெடுக்கும் வழிகள். பேரம் முறிந்து, கடனும் தீர்க்காமல், தொடர்ந்து மிதித்தால் மட்டும் உள்நாட்டுப் போர் வரட்டும்.

ஆட்டத்தின் பின்பாதிக்கும் இது தேவை. ஆட்டத்துக்குள் 2300ஆம் ஆண்டைத் தாண்டும்போது நன்றாக ஆடியவருக்கு எதிரிகளே இருப்பதில்லை. 2400க்குப் பிறகு ஏதாவது பேரழிவு வரும் வரை ஆண்டுகளை வேகமாக ஓடவிடுகிறோம். பெரிய பேரரசுக்கு இப்போதுள்ள முக்கியத் தடை எம்பயர் சைஸ் என்ற எண்; அது ஏற ஏற ஆராய்ச்சிக்கும் பாரம்பரியங்களுக்கும் விலை கூடுகிறது. பத்து இனங்களையும் அவர்களின் எட்டு வகை நம்பிக்கைகளையும் ஒரே கூரைக்குள் அடைத்தவருக்கு அதைவிட உண்மையான சுமை ஒன்று இருக்க வேண்டாமா? வெல்வது எளிது, வைத்துக்கொள்வது கடினம் என்ற நிலை வந்தால் அந்த நூறு ஆண்டுகளும் ஆடத் தகுந்தவையாக மாறும். 4.0இல் மக்களைக் குழுக்களாகத் தொகுத்துவிட்டதால் கணினிக்குச் சுமை என்ற பழைய காரணமும் முன்போல் வலுவாக இல்லை என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே பதிப்பில் செய்யச் சொல்லவில்லை. ஜனநாயக அரசுகளுக்கு பார்லிமெண்டரி சிஸ்டம் என்று ஒரு சிவிக் (அரசுக்குத் தேர்ந்தெடுக்கும் சிறப்புப் பண்பு) வைத்திருக்கிறீர்கள். அதை எடுத்தால் அணிகளிடமிருந்து கூடுதலாக யூனிட்டி கிடைக்கிறது. அந்தப் பாராளுமன்றத்தில் இன்று வரை ஒரு வாக்கெடுப்பு நடந்ததில்லை. முதலில் அந்த ஒரு சிவிக்கில் மட்டும் செய்து பாருங்கள். மூன்று பாலிசிகளுக்கு வாக்கெடுப்பு, அணிகளிடம் கடன் வாங்கும் வசதி, கவுன்சிலில் அவர்களுக்கு ஒரு நாற்காலி. வேண்டாதவர்கள் அந்த சிவிக்கை எடுக்காமல் இருந்துகொள்வார்கள், அவர்கள் ஆட்டம் எதுவும் மாறாது. எடுப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஓர் ஆண்டு கேட்டுவிட்டு மற்றதை முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
அணிகளின் பக்கத்தை அடிக்கடி திறந்து பார்க்கும் ஓர் ஆட்டக்காரர்