எச்சில் குழாயும் நீலச் சொட்டும்

புதுச்சேரி

அன்புள்ள கோவிந்தா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, வெள்ளிக் கடற்கரை வரை மறுபடியும் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்பதில் மகிழ்ச்சி. அமெரிக்காவிலுள்ள உன் பேரன் மரபணுச் சோதனைக்காகக் குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பியதற்கு, அவன் முன்னோர் தென்னிந்தியர் என்று அச்சடித்த தாள் வந்ததாம். அதைச் சொல்ல நீயே போதுமே, எதற்குக் காசு? அது கிடக்கட்டும். 'அப்படியானால் இனம் என்பது உண்மைதானே' என்று கேட்டிருக்கிறாய்.

முப்பது ஆண்டுகள் ரத்த வங்கியில் இருந்தவன் நான். ரத்தப் பிரிவைக் கண்டறியக் கண்ணாடித் துண்டில் ஏ பிரிவைக் காட்டும் நீல நிற ஆன்டி-ஏ மருந்து ஒரு சொட்டு, பி பிரிவைக் காட்டும் மஞ்சள் நிற ஆன்டி-பி ஒரு சொட்டு. ரத்தத்தைக் குச்சியால் கலந்து மெல்ல ஆட்டினால் மணல் மணலாகத் திரியும், அல்லது வழவழவென்று அப்படியே நிற்கும். எதிரே கை நீட்டியிருப்பவர் முதலியார்பேட்டைக்காரரா, வியட்நாம் பாட்டி வழிவந்த புதுச்சேரி சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பத்தவரா என்பதை அந்தச் சொட்டு ஒருநாளும் சொன்னதில்லை.

முதல் உலகப் போரில் கிரேக்கத்தின் சலோனிகா நகரில் கூடியிருந்த பல நாட்டுப் படைவீரர்களின் ரத்தத்தை மருத்துவர்களான ஹிர்ஷ்ஃபெல்ட் தம்பதியர் சோதித்து 1919இல் வெளியிட்டார்கள். அவர்களுள் இந்தியரும் வியட்நாமியரும் இருந்தனர். ஐரோப்பாவிலிருந்து கிழக்கே வர வர ஏ பிரிவு குறைந்து பி பிரிவு கூடியது. இதோ இங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று கோடு கிழிக்க இடம் அகப்படவில்லை. அதிலிருந்தும் அவர்கள் இரண்டு இனங்களை ஊகித்தார்கள் என்பது வேறு கதை. 1972இல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின் ரத்தப் பிரிவுகளையும் புரதங்களையும் வைத்துக் கணக்கிட்டபோது, மனித வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கள்கூட்டத்துக்குள்ளேயே இருந்தது. இனங்கள் என்று பெயரிட்டவற்றுக்கு இடையே சுமார் 6 விழுக்காடுதான்.

இனப் பிரிவுக்குப் பொருளில்லை என்ற அவர் முடிவுக்கு மரபியலாளர் எட்வர்ட்ஸ் 2003இல் சொன்ன மறுப்பும் நியாயமானதே. மரபணுத் தொகுப்பின் ஓரிடத்தை மட்டும் பார்த்தால் பெரிதாக எதுவும் தெரியாது. நூற்றுக்கணக்கான இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் முன்னோர் வாழ்ந்த நிலம் ஓரளவு தெரிந்துவிடும். உன் பேரனின் தாள் அப்படி வந்ததுதான். உன் இருமலும் நடையும் செருப்புச் சத்தமும் சேர்ந்தால் நீ தெருமுனையில் வரும்போதே எனக்குத் தெரிந்துவிடும். அதனால் நீ வேறு இனமாகிவிடுவாயா?

சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் பரம்பரை நோயான அரிவாள் செல் ரத்தசோகை ஆப்பிரிக்கரின் நோய் என்றே நாம் படித்தோம். 1952இல் அது நம் நீலகிரிப் பழங்குடியினரிடமும் கண்டறியப்பட்டது. கிரேக்கத்திலும் அரேபியாவிலும் உண்டு. மலேரியா மிகுந்த நிலங்களில், தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணுவைப் பெற்ற குழந்தைகள் கூடுதலாகப் பிழைத்தார்கள். கொசு தோலின் நிறம் பார்த்துக் கடிப்பதில்லையே.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பேருந்தில் கடலூர் வருகிறேன். அந்தத் தாளை எடுத்து வை. என் கண்ணால் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
ராமு