பாறையேற்றக் கேம் விலை குறித்தும், பரவி வரும் குரல்பதிவு குறித்தும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் மூன்று தலைமுறையாகக் கயிறு விற்றுவரும் எங்கள் கடை, பதினோரு ஆண்டுகளாகப் பாறையேற்றக் கருவிகளையும் ஒரு கண்ணாடி அலமாரியில் வைத்து விற்று வருவதை நீங்கள் அறிவீர்கள். அம்மிக்கல்லுக்கும் வெளியூர் போக வேண்டிய இந்த வண்டல் மண்ணில் இந்த வியாபாரம் எதற்கு என்று கேட்காத உறவினர் இல்லை. வார இறுதியில் மைசூர் எக்ஸ்பிரஸில் ஏறி இராமநகரத்துக் கருங்கல் பாறைகளுக்குப் போய், விரல்களில் தோல் உரிந்து, முகம் நிறையச் சிரிப்போடு திரும்பி வந்து அடுத்த கருவியின் விலையைக் கேட்கும் உங்களைத்தான் அவர்களுக்கான பதிலாக இதுவரை காட்டி வந்திருக்கிறேன்.

மூன்று வாரங்களாக வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுவதால் இந்த மடலை எழுத வேண்டியதாயிற்று. எங்களிடம் வாங்கிய விலை குறைந்த கேம் (பாறைப் பிளவுக்குள் விரிந்து நின்று, விழுபவரின் கயிற்றைத் தாங்கும் கருவி) ஒன்று, முதலில் ஏறியவர் தவறியபோது பிளவிலிருந்து கழன்று வந்தது என்றும், தரமற்ற சரக்கை மலிவு என்று சொல்லி நாங்கள் தலையில் கட்டுகிறோம் என்றும் அதில் சொல்லப்படுகிறது. கேம் கழன்றது உண்மை. கீழே பிளவில் வைத்திருந்த நட்டு என்ற உலோக ஆப்பு தாங்கிக்கொண்டதால் அந்தத் தம்பிக்குக் கணுக்கால் சுளுக்கோடு போயிற்று. இப்போது அவர் நன்றாக நடக்கிறார். பேசியவரும் அவர் அல்லர், அவருடைய நண்பர். அந்தத் தம்பியோ மறு வாரமே கேமை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து, அதை மேசையில் வைத்து, "என்ன ஆச்சு என்று நீங்களே பாருங்கள் அண்ணா" என்றார்.

இருவரும் சேர்ந்தே பார்த்தோம். தண்டு வளையவில்லை, அச்சு நேராக இருந்தது, பாறையைப் பிடிக்கும் இதழ்களை மடக்கும் விசைக்கம்பிகள் நான்கும் முழுதாக இருந்தன. இதழ்களின் பல்வரிசையில் நடுப்பகுதி புதுச் சரக்கைப் போல மழுங்காமல் இருக்க, நுனியில் மட்டும் அரை அங்குல அளவுக்குக் கருங்கல் தேய்த்த வெள்ளைக் கீறல்கள் இருந்தன. அதாவது, அந்தப் பிளவு கேமின் அளவைவிடப் பெரியது. இதழ்கள் ஏறக்குறைய முழுவதும் விரிந்து, நுனியால் மட்டுமே பாறையைத் தொட்டுக்கொண்டிருந்தன. அந்த நிலையில் வைத்தால் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய கேமும் கொஞ்சம் அசைந்ததும் பிடி விட்டுவிடும்.

இதை விளக்காமல் விடுவது எனக்கு முறையாகப் படவில்லை. அமெரிக்கப் பாறையேற்ற வீரர் ரே ஜார்டைன் உருவாக்கிய ஃப்ரெண்ட்ஸ் என்ற கேம் 1978-இல் விற்பனைக்கு வந்தபோதே அதன் இதழ், எவ்வளவு விரிந்தாலும் பாறையைத் தொடும் கோணம் மாறாத சுருள் வடிவில் அமைந்திருந்தது. அந்தக் கோணம் 13.75 பாகை. கீழ்நோக்கி இழுக்கும் விசையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விசையை அது பிளவின் ஒவ்வொரு சுவரின் மீதும் செலுத்துகிறது. அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வுதான் விழுபவரைத் தாங்குகிறது. இந்தக் கணக்கு விலை கூடிய கேமுக்கும் குறைந்த கேமுக்கும் ஒன்றுதான். ஈ.என். 12276 என்ற ஐரோப்பியத் தரமும் இருவகைக்கும் ஒன்றே; அதன்படி குறைந்தபட்ச வலிமை 5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 510 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை. அந்த எண் பொறிக்கப்படாத ஒரு கேம்கூட எங்கள் அலமாரிக்கு வந்ததில்லை. அதிக விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் குறைந்த எடையும், இரட்டை அச்சு தரும் பரந்த விரிவும்தான். இரட்டை அச்சுள்ள கேமலாட் என்ற வகையில் 1-ஆம் எண் சிவப்புக் கேம் ஏறக்குறைய 30 மில்லிமீட்டரிலிருந்து 52 வரை பிடிக்கும். அதே பிளவுகளுக்கான ஒற்றை அச்சுக் கேம் இவ்வளவு விரியாது. ஆகவே அதை வாங்குபவர் அளவுகளை இடைவெளி விடாமல் வாங்க வேண்டும்.

குரல்பதிவில் என்னை மிகவும் வருத்தியது வேறொரு வரி. "தேர்வடம் விற்றவனுக்குக் கேமைப் பற்றி என்ன தெரியும்" என்று அந்த நண்பர் கேட்டிருக்கிறார். என் தாத்தா இந்தப் பக்கத்துக் கோயில் தேர்களுக்கு வடம் திரித்துக் கொடுத்தவர். எந்தப் புரி முதலில் நையும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொல்லிவிடுவார். தேர் ஓடும் நாளில் சக்கரத்தருகே முட்டுக்கட்டை போடுபவர்களோடு நடக்க என்னைச் சிறுவயதிலேயே அழைத்துப் போவார். கட்டையின் சரிவு அதிகமானால் சக்கரம் அதைத் தள்ளிக்கொண்டு போகும், குறைந்தால் ஏறிக் கடக்கும், சரியாக இருந்தால் தேரின் பாரமே கட்டையை மண்ணோடு அழுத்தி நிறுத்தும் என்பதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. நான்கு மாட வீதிகளில் நின்று பார்த்தேன். முதன்முதலில் ஒரு கேமைக் கையில் வாங்கி விசைக்கம்பியை இழுத்து விட்டபோது எனக்கு அந்தக் கட்டைதான் நினைவுக்கு வந்தது. பாரம் ஏற ஏறப் பிடியும் இறுகும் பொருளை எங்கள் குடும்பம் அன்றிலிருந்தே அறியும். உயிரைத் தாங்கும் கயிற்றை விற்றவர்கள் உயிரைத் தாங்கும் கருவியில் ஏமாற்ற மாட்டார்கள் என்பதை, என் மனம் ஆறுவதற்காகவாவது, இங்கே எழுதி வைக்கிறேன்.

குறைந்த செலவில் தொடங்க விரும்புகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வதையே மீண்டும் சொல்கிறேன். சிறிய பிளவுகளை ஒரு தொகுதி நட்டுகளுக்கு விட்டுவிடுங்கள். ஒரு நல்ல கேமின் விலைக்குள் ஒரு தொகுதியே வந்துவிடும், அதில் அசையும் பாகமும் இல்லை. மூடிய கை நுழையும் பெரிய பிளவுகளுக்கு, ஓசை கூடுதலாக இருந்தாலும், ஹெக்ஸ் என்ற அறுகோண உலோகக் கட்டை போதும். கேமுக்கென்று வைத்திருக்கும் பணத்தை விரல் முதல் உள்ளங்கை வரை நுழையும் நடு அளவுகளில் மட்டும் போடுங்கள். இதழ்கள் பாதிக்கு மேல் மடங்கியிருக்கும்படி வையுங்கள். முழுவதும் மடக்கித் திணித்தால் அது பாறையிலேயே தங்கிவிடும், மறுபடியும் எங்களிடம்தான் வாங்க வேண்டியிருக்கும். நிறத்தை மட்டும் நம்பி இரண்டு நிறுவனங்களின் கேம்களைக் கலந்து வாங்காதீர்கள். சில நிறுவனங்களுக்கு நிறவரிசை ஒன்றாக இருந்தாலும் எல்லாருக்கும் அப்படி இல்லை, மில்லிமீட்டரைத்தான் பார்க்க வேண்டும். அந்தத் தம்பி வாங்கிய நாளில் நடுவே ஓர் அளவு எங்களிடம் இருப்பில் இல்லை.

யூரோவின் விலையும் சரக்குக் கட்டணமும் ஏறிவிட்டதால் ஐப்பசி முதல் கேம்களின் விலை நூற்றுக்குப் பன்னிரண்டு கூடுகிறது. நட்டு, ஹெக்ஸ் ஆகியவற்றின் விலையைக் கூட்டவில்லை. அந்த இழப்பைக் கயிற்று வியாபாரம் தாங்கும். இந்தப் பிரிவைப் பார்த்துக்கொண்ட எங்கள் ஊழியர் வெளிநாட்டு வேலைக்குச் சென்றுவிட்டதால், சனிக்கிழமைகளில் நானே அலமாரியருகே இருப்பேன். வரும்போது உங்களிடம் ஏற்கெனவே உள்ள கேம்களையும் கொண்டு வாருங்கள். எந்த அளவு விடுபட்டிருக்கிறது என்பதை அளவுகோல் வைத்துப் பார்த்த பிறகே புதியது தருவேன், தேவையில்லை என்றால் வெறுங்கையோடு அனுப்பவும் தயங்க மாட்டேன்.

குரல்பதிவைக் கேட்ட பிறகும் நேரில் வந்து, "நாங்கள் உங்களிடம்தான் வாங்குவோம்" என்று சொன்ன தஞ்சாவூர்க் கல்லூரி மாணவர்களுக்கும், கடல் உப்பில் கேம் பூத்துப்போகாமல் இருக்க நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் இடும் முறையை மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்த நாகப்பட்டினத்து நண்பர்களுக்கும், தன் வலியையும் பொருட்படுத்தாமல் பேருந்தேறி வந்த அந்தத் தம்பிக்கும் நான் நெஞ்சார நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அவருக்கு விடுபட்ட அளவை எங்கள் செலவிலேயே கொடுத்துவிட்டோம்.

கடந்த சித்திரையில் வாங்கிய சிலருடைய கேம்களில் தைத்த துணிப்பட்டையின் தயாரிப்பு ஆண்டு சற்றுப் பழையதாக இருக்கக்கூடும். பயன்படுத்தாவிட்டாலும் பட்டைக்குப் பத்து ஆண்டுகளே ஆயுள் என்பதால், பட்டையில் உள்ள சிறு துணிச்சீட்டில் ஆண்டைப் பார்த்து, ஐயம் இருந்தால் கொண்டு வந்து மாற்றிக்கொள்ளுங்கள். ரசீது தேவையில்லை.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
கும்பகோணம்.