சொக்கப்பனைக்கு ஓலைய இப்பவே வெட்டி வைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருக்கார்த்திகைக்கு இன்னும் மூணு மாசம் கிடக்கே, ஆவணிலயே எதுக்கு இந்தக் கடிதம்னு நினைப்பீங்க. இப்ப சொன்னாதான் உண்டு, கார்த்திகை பொறந்தப்புறம் சொல்லி பிரயோஜனம் இல்ல, அதுக்குள்ள மழை பிடிச்சிரும், ஓலை நனைஞ்சிரும். கார்த்திகை ராத்திரி கோயில் வாசல்ல பனைத்தடிய நட்டு, ஓலையச் சுத்திக் கட்டி கொளுத்துவோமே, நான் எழுத வந்தது அந்தச் சொக்கப்பனைய பத்தி.

எனக்கு ஊரு திசையன்விளை பக்கம். செம்மணல் தேரிக்காடு, திரும்புன பக்கமெல்லாம் பனை. எல்லா ஊர்லயும் கார்த்திகைன்னா அகல் விளக்குன்னு சொல்லுவாங்க, எங்களுக்கும் அது உண்டு, ஆனா அன்னிக்கு ராத்திரி பூரா எங்களுக்கு பனைதான். குருத்தோலைக்குள்ள மாவ வச்சு அவிக்கிற ஓலைக்கொழுக்கட்டை, அதுல போடுற உடன்குடி கருப்பட்டி, பயலுவ தெருவுல சுத்துற மாவளி, கடைசியா கோயில் வாசல்ல சொக்கப்பனை, எல்லாம் ஒரே மரம் குடுத்தது.

மாவளிய பத்தி இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு தெரியாது, அதனால சொல்லுதேன். ஆண்பனையோட பூவ காயவச்சு, குழி தோண்டி அதுல போட்டு எரிச்சு, முழுசா சாம்பலாகுறதுக்கு முன்னாடி மண்ணப் போட்டு மூடிருவாங்க. மறுநாள் தோண்டுனா கரியா இருக்கும். அத இடிச்சு பொடியாக்கி, பழைய வேட்டித்துணில நீளமா சுருட்டி கட்டி, மூணா பிளந்த பனைமட்டைக்கு நடுவுல வச்சு இறுக்கி, நுனில கங்கு வச்சு கயித்துல கட்டி சுத்துனா பொறி அப்படியே வட்டமா கொட்டும், தலைக்கு மேல பூ விழுந்த மாதிரி. எங்க ஆச்சி அந்தப் பொடிய மழைக்கு முன்னாடியே செஞ்சு அடுப்புக்கு மேல பரண்ல டப்பாவுல வச்சிருவாவ. கேட்டா, "மழைக்காலத்துல வாற சாமிக்கு வெயில்காலத்துலயே சேத்து வைக்கணும்ட்டி"ன்னு சொல்லுவாவ. இந்த ஒரு பேச்ச ஊர்க்காரங்க மறந்ததாலதான் எங்க வீட்டுல ஒரு பிள்ளை கை வெந்துச்சு.

2024 டிசம்பர் 13ந்தேதி, வெள்ளிக்கிழமை. அந்த மழைய நெல்லை, தென்காசி, தூத்துக்குடிக்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க, தாமிரபரணில வெள்ளம், குற்றாலத்துல தண்ணி ஆளத் தள்ளுற மாதிரி கொட்டுச்சு, பள்ளிக்கூடமெல்லாம் லீவு. அன்னிக்குதான் திருக்கார்த்திகை. எங்க ஊர் கோயில்ல மத்தியானமே பனைத்தடிய நட்டு ஓலையக் கட்டிட்டாங்க. அதுவும் மரத்துலயே காஞ்ச காவோலை இல்ல, ரெண்டு நாளைக்கு முன்னாடி வெட்டுன பச்சை ஓலை. தார்ப்பாய் போடணும்னு யாருக்கும் தோணல. சாயங்காலம் சாமி வெளிய வந்து தீபாராதனை முடிஞ்சு, கருவறை தீபத்துலேர்ந்து தீய கொண்டாந்து வச்சா பிடிக்கல. புகையா வருது, அணையுது. கற்பூரம் ஒரு டப்பா கொட்டிப் பாத்தாங்க, பிடிக்கல. மழையில ஜனமெல்லாம் குடையோட நிக்குது, சாமிய ரொம்ப நேரம் நிறுத்த முடியாதுன்னு பூசாரி அவசரப்படுத்துறாரு. ஒரு பையன் போயி பைக்லேர்ந்து பாட்டில்ல பெட்ரோல் பிடிச்சுட்டு வந்து அடியில ஊத்துனான்.

ஒரு நொடிதான். புசுக்குன்னு ஒரு சத்தம், தீ மேல போகல, பக்கவாட்டுல தரையோட ஓடுச்சு. முன்னாடி நின்ன என் தங்கச்சி மகனுக்கு, ஒம்பதாங்கிளாஸ் படிக்கிறான், வலது கை மணிக்கட்டுலேர்ந்து முழங்கை வரைக்கும் வெந்துருச்சு. தோலு ஈரக்காகிதம் மாதிரி சுருண்டு நின்னுச்சு, நான் பாத்தேன், இன்னும் கண்ணவிட்டுப் போகல. அரையாண்டுப் பரீட்சை நடந்துட்டிருந்த நேரம், மிச்சத்த அவனால எழுத முடியல. நாலு பேரு நாலு சொன்னாங்க, ஒருத்தர் இங்க் ஊத்துங்கன்னாரு, ஒருத்தர் பேஸ்ட் தடவச் சொன்னாரு, ஆஸ்பத்திரில நர்ஸம்மா சொல்லித்தான் தெரிஞ்சுது, தீக்காயத்துல எதையும் தடவப்படாது, குழாய்த் தண்ணியில இருபது நிமிஷம் காட்டணும் அவ்வளவுதான். இது யாருக்காவது உதவும்னு எழுதுதேன்.

மழையில நனைஞ்ச ஓலைய பெட்ரோல் பிடிக்க வைக்காதுங்க. அதோட ஆவிதான் எரியுது, அந்த ஆவி காத்தவிட கனம், கீழ இறங்கி நம்ம கால்மாட்டுல பரவி நிக்கும், கண்ணுக்குத் தெரியாது. தீய கிட்ட கொண்டுபோனதும் நிக்கிற ஆளோட சேத்துப் பிடிக்கும். சாமிக்கு ஏத்துற தீயில அது எதுக்கு?

இதுக்கப்புறம் ஊர்க்கூட்டம் போட்டாங்க. ரிஸ்க் வேண்டாம், அடுத்த வருசம் சொக்கப்பனையே வேண்டாம், பனைமரம் மாதிரி எல்.ஈ.டி. செட் வாடகைக்கு கிடைக்குது, அத நிறுத்திருவோம்னு பாதிப்பேரு சொன்னாங்க. பிள்ளை கை வெந்தது எங்க வீட்டுல, அதனால நானும் சரின்னு சொல்லுவேன்னு எல்லாரும் என்னப் பாத்தாங்க. நான் ஒத்துக்கல. மழை இன்னிக்கு நேத்தா பெய்யுது? கார் நாற்பதுல தோன்றிப்பூ காடெல்லாம் பூத்து நிக்கிறத கார்த்திகைக்கு ஊர்க்காரங்க ஏத்துன விளக்கு மாதிரின்னு பாடிருக்காங்க, அது மழைக்காலத்த பாடுற நூலு. மழையும் விளக்கும் சேந்துதான் இந்தத் திருநாளு. அதே 2024ல திருவண்ணாமலைய பாருங்க, டிசம்பர் 1ந்தேதி மண்சரிவுல ஏழு பேரு செத்துப்போன மலை அது, 2,668 அடி உயரம், அன்னிக்கு பொதுஜனத்த மலையேற விடல, ஆனா தீபம் ஏத்துற கொப்பரையும் நெய்யும் திரியும் மேல போச்சு, ஆறு மணிக்கு தீபம் எரிஞ்சுது. கூட்டத்த குறைச்சாங்க, தீபத்த நிறுத்தல.

அப்பதான் எங்க ஊர்ல ஒரு பெரியவர், அறுபது வருசம் பனை ஏறுனவரு, எந்திரிச்சு பேசுனாரு. முன்னாடியெல்லாம் பதநீர் சீசன் முடிஞ்சதும் மரத்த சுத்தம் பண்ணும்போதே காவோலைய கழிச்சு கோயில் மண்டபத்து உள்ள அடுக்கிருவாங்களாம். தடிக்கு பச்சை மரத்த வெட்டவே மாட்டாங்களாம், இடி விழுந்து பட்டுப்போன மரமா பாத்து எடுப்பாங்களாம். ஓலை கட்டும்போது நடுவுல ஒரு ஆள் கை நுழையிற அளவுக்கு ஓட்டை விட்டு, உள்ள மட்டை அடியில இருக்கிற வலை மாதிரி பன்னாடையும் காஞ்ச தேங்காய் மட்டையும் திணிச்சு, தீய வெளியில வைக்காம அந்த ஓட்டைக்குள்ள நீளக் கம்பால வைக்கிறது. வெளி ஓலை லேசா நனைஞ்சிருந்தாலும் உள்ள பிடிச்ச சூட்டுல அதுவா காஞ்சு எரியும்னாரு. பெட்ரோல் எங்கயும் வரல அவரு பேச்சுல.

2025 டிசம்பர் 3ந்தேதி அப்படியே செஞ்சோம். ஓலை புரட்டாசிலயே மண்டபத்துக்கு வந்துருச்சு. சொக்கப்பனைக்கு மேல கயித்துல தார்ப்பாய தொங்கவிட்டு, தீபாராதனை மணி அடிச்சதும் இழுத்தோம். சுத்தி இருபதடிக்கு கயிறு கட்டி, உள்ள மூணு பேருக்கு மேல விடல, ரெண்டு டிரம் தண்ணி, ஈரச்சாக்கு பக்கத்துலயே. தூறல் விழுந்துட்டுதான் இருந்துச்சு. முதல்ல உள்ளுக்குள்ள படபடன்னு சத்தம், அப்புறம் ஓலை இடுக்குலேர்ந்து மஞ்சளா வெளிச்சம் கசிஞ்சுது, பிறகு ஒரே மூச்சுல உச்சி வரைக்கும் ஏறுச்சு. குலவை போட்டு முடிக்குறதுக்குள்ள ஊரே வெளிச்சமாச்சு. என் தங்கச்சி மகன் கயித்துக்கு வெளிய நின்னு அந்தக் கைய தூக்கி கும்பிட்டான். மறுநாள் காலைல எல்லாரும் வந்து சாம்பல நெத்தில பூசிட்டு, கரிஞ்ச மட்டைத்துண்ட வயல்ல ஊனுறதுக்கு எடுத்துட்டுப் போனாங்க.

கோயில் கமிட்டிக்காரங்க கிட்ட நான் கேக்குறது இவ்வளவுதான். உயிரோட நிக்குற பனைய சொக்கப்பனைக்கு வெட்டாதீங்க. நம்ம மாநில மரம் அது, வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு 2021லயே அரசு அறிவிச்சாச்சு, ஒரு பனை வளந்து பாளை விட பன்னெண்டு பதினஞ்சு வருசம் ஆகும், அரைமணி நேரத் தீக்கு அது பாவம். பதநீர் சீசன் முடிஞ்சா பனையேறிங்களுக்கு வேலையும் இருக்காது, காவோலை கழிக்கிற கூலிய அவங்களுக்கு குடுங்க, பட்டாசுக்கு செலவழிக்கிறதுல கால்வாசி கூட ஆகாது. பெட்ரோல் பாட்டில கோயில் வாசலுக்கே விடாதீங்க, பொம்பளைங்களும் பாத்தா சும்மா இருக்காதீங்க, சத்தம் போடுங்க.

எங்க ஊர்ல காவோலை கழிக்கிறது வர்ற திங்கக்கிழமை ஆரம்பிக்குது. மத்த ஊர்க்காரங்களுக்கும் தெரியணும், அதனால இந்தக் கடிதத்த முடிஞ்சா இந்த வாரத்துக்குள்ள போடுங்க அய்யா, மழை வந்தப்புறம் போட்டா ஓலை கிடைக்காது.

இப்படிக்கு,
திசையன்விளை பக்கத்துலேர்ந்து ஒரு வாசகி