பாதியில் நின்ற ஜெபம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரை ஒன்றில், கிறிஸ்தவம் மனிதனைத் தலைகுனிய வைத்தே பழக்கும் சமயம் என்பதற்குச் சான்றாக, திருப்பலியில் (பூசையில்) கத்தோலிக்கர்களாகிய நாங்கள் சொல்லும் ஜெபத்திலிருந்து ஒரு வரி காட்டப்பட்டிருந்தது. ‘ஆண்டவரே, நீர் என் இல்லத்தில் எழுந்தருளி வர நான் தகுதியற்றவன்’ என்பது அந்த வரி. வரி சரிதான், ஜெபம் அங்கே முடியவில்லை. ‘ஆனால் ஒரு வார்த்தை மட்டும் சொல்லியருளும், எனது ஆன்மா நலமடையும்’ என்ற அடுத்த வாக்கியத்தைக் கட்டுரையாளர் விட்டுவிட்டார். அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற எங்களில் பலரும் முதல் வாக்கியத்தோடு நின்றுவிடுகிறவர்கள்தாம்.

இந்தச் சொற்கள், நோயுற்ற தம் பணியாளுக்காக இயேசுவிடம் மன்றாடிய நூற்றுவர் தலைவர் என்ற படை அதிகாரியுடையவை. லூக்கா நற்செய்தியின் 7-ஆம் அதிகாரத்தில், யூத மூப்பர்கள் முதலில் வந்து, ‘இவர் தகுதியுள்ளவர், எங்களுக்குத் தொழுகைக்கூடம் கட்டித் தந்தவர்’ என்று அவருக்காகப் பரிந்து பேசுகிறார்கள். கோயில் மணி முதல் குழல்விளக்கு வரை ‘உபயம்’ என்று பெயர் எழுதிப் பழகிய எங்கள் செட்டிநாட்டுக்கு இந்தப் பரிந்துரை நன்றாகவே விளங்கும். (எழுதிய பெயர் வெளிச்சத்தில் பாதியை மறைத்துவிடுவதும் உண்டு, எங்கள் தேவாலயமும் இதற்கு விலக்கல்ல.) ஆனால் கட்டிக் கொடுத்தவரோ அந்தக் கணக்கைத் தாமே தள்ளிவிட்டு, ‘நான் தகுதியற்றவன்’ என்கிறார். அவர் அடிமைப் புத்தியால் அப்படிச் சொன்னார் என்று கொள்வதற்கில்லை. ‘நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்கு’ என்று சிவபுராணம் ஓதும் எங்கள் எதிர்வீட்டு ஆச்சியை யாரும் தன்மானம் இழந்தவர் என்று சொல்வதில்லையே.

என் தாயார் தேவகோட்டையில் ஒரு பெரிய வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டில் சமையல் வேலை பார்த்தவர். தங்கையோடு ஏற்பட்ட சொத்துத் தகராறில் சொல்லக்கூடாத வார்த்தைகளைச் சொல்லிவிட்டார். சமாதானம் ஆகுமுன்பே அந்தச் சின்னம்மா இறந்துபோனார். ‘நன்மை வாங்க எனக்கு யோக்கியதை இல்லை’ (நன்மை என்பது பூசையில் தரும் நற்கருணை அப்பம்) என்று அம்மா முடிவு கட்டிக்கொண்டதும், கோயிலில் ஒருவர் அதையே சாடையாகச் சொல்லிக் காட்டியதும் சேர்ந்து 11 ஆண்டுகளை விழுங்கிவிட்டன. பூசைக்குப் போவார்; எல்லோரும் நன்மை வாங்க எழும்போது தூணோரம் உட்கார்ந்து முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருப்பார்.

அவர் படுக்கையில் விழுந்த பிறகு, வயதான பங்குச் சாமியார் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். ‘வீடு கூட்டலை சாமி, உள்ளே வராதீங்க’ என்று அம்மா பதறினார். செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியிலேயே நின்ற சாமியார், ‘சரி ஆத்தா, பூசையில சொல்ற அந்த ஜெபத்தைச் சொல்லுங்க’ என்றார். ‘தகுதியற்றவள்’ வரை சொல்லி அம்மா நிறுத்திக்கொண்டார். ‘பாதியில நிறுத்திட்டீங்களே, மீதியையும் சொல்லுங்க.’ மீதியைச் சொல்லி முடிக்க அம்மாவுக்கு வெகு நேரம் ஆயிற்று. அதன் பிறகே சாமியார் தலையைக் குனிந்து உள்ளே வந்து அம்மாவின் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்டார்.

இயேசு சொன்ன ஊதாரி மகனின் உவமையை இந்த நினைவோடு படித்தபோதுதான் ஒன்று என் கண்ணில் பட்டது. ‘உம்முடைய மகன் எனப்படத் தகுதியற்றவன், உம் கூலியாள்களில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்’ என்று சொல்ல வேண்டியதை தகப்பன் தந்த சொத்தை அழித்துவிட்டுப் பன்றி மேய்க்கும் அவன், அந்தப் பன்றிகளுக்கு நடுவே ஒத்திகை பார்த்துக்கொள்கிறான். தூரத்திலேயே அவனைக் கண்டு ஓடிவந்து கட்டிக்கொண்ட தகப்பனிடம் அதைச் சொல்லத் தொடங்கியவன் ‘தகுதியற்றவன்’ வரைதான் வருகிறான். கூலியாள் என்ற பேச்சு வருமுன்பே தகப்பன் ஆடையும் மோதிரமும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். தகுதியின்மையை அவர் மறுத்துப் பேசவில்லை; அதை வைத்து மகனுடைய இடத்தைத் தீர்மானிக்க அவர் விடவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் எப்படியும் வாழலாமா என்று கேட்பவர்கள், வரி தண்டுவோரின் தலைவரான சக்கேயு வீட்டில் நடந்ததன் வரிசையைக் கவனிக்க வேண்டும். ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவர் சொன்னது, ‘இன்று உம் வீட்டில் தங்க வேண்டும்’ என்று இயேசு தாமாகவே கேட்டதற்குப் பிறகுதான். தகுதியற்ற நிலையில் நற்கருணை அப்பத்தை உண்பதைத் திருத்தூதர் பவுல் கண்டிக்கிறார் என்பதும் உண்மையே. ஆனால் ஒவ்வொருவரும் தம்மைத்தாம் சோதித்தறிய வேண்டும் என்கிறாரே தவிர, தூணோரம் உட்கார்ந்திருப்பவரைச் சோதிக்கச் சொல்லவில்லை.

பழைய தமிழ் வேதாகமத்தில் அந்த நூற்றுக்கு அதிபதி, ‘நான் பாத்திரன் (தகுதியுள்ளவன்) அல்ல’ என்கிறார். பாத்திரமறிந்து பிச்சையிடு என்பது நம் வழக்கு. உலக நடப்புக்கு அது நல்ல புத்திதான். ஆனால் இரண்டாங்கட்டில் களிம்பேறிய பித்தளை அண்டாக்களைப் புளி போட்டுத் தேய்த்தே வாழ்நாளைக் கழித்த அம்மா, எந்த அண்டாவையும் பாத்திரமில்லை என்று ஒதுக்கியதை நான் பார்த்ததில்லை. தன்னை மட்டும் ஒதுக்கி வைத்திருந்தார்.

இனி அந்த ஜெபத்தைத் தங்கள் இதழில் எடுத்தாள நேர்ந்தால், இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தேவகோட்டை