நாவலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதே

அன்புள்ள மகளுக்கு,

நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து மாதம் ஒரு நாவல் படிக்கப் போகிறோம், கறுப்பின எழுத்தாளர்களும் மற்ற விளிம்புநிலை எழுத்தாளர்களும் இப்போது எழுதுகிற நாவல்களாக எடுத்துக்கொள்ளப் போகிறோம், எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தாய். கேட்டதே எனக்குப் பெரிய சந்தோஷம். இதற்கு இரண்டு வரியில் பதில் போட மனம் வரவில்லை.

இப்படிப்பட்ட கூட்டங்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் கெட்டுப்போகின்றன. பத்தே நிமிஷத்தில் நாவல் ஓரமாகப் போய்விடும், இனவெறி பற்றிய பொதுப் பேச்சு நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். "என்ன கொடுமை", "இன்னமும் அப்படித்தான் இருக்கிறது" என்று எல்லோரும் தலையாட்டுவார்கள். சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் பேச அந்த நாவலைப் படித்திருக்கவே வேண்டாம். ஒருவர் வருஷக்கணக்கில் யோசித்துக் கட்டிய நாவலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, வாக்குமூலம் வாங்கிக்கொண்டு இறக்கிவிடுகிறோம். வெள்ளையர் எழுதிய நாவல் என்றால் நடை, வடிவம், யார் கதை சொல்கிறார் என்றெல்லாம் பேசுகிறவர்களே, கறுப்பினத்தவர் எழுதியது என்றதும் வலியை மட்டும் பேசுகிறார்கள். மரியாதை என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். எழுத்தாளரின் திறமையைக் கண்ணெடுத்தும் பார்க்காதது எப்படி மரியாதையாகும்?

ஆகவே முதல் ஒரு மணி நேரத்துக்கு ஒரே கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: இதை ஏன் இப்படிச் சொல்லியிருக்கிறார்? அதற்கு மிகவும் தோதான நாவல் பெர்சிவல் எவரெட்டின் 'ஜேம்ஸ்'. 2024இல் வந்தது. அந்த வருஷமே அமெரிக்காவின் நேஷனல் புக் அவார்டையும், 2025இல் புலிட்சர் பரிசையும் வாங்கியது. மார்க் ட்வைன் எழுதிய ஹக்கிள்பெரி ஃபின் கதையில் சிறுவன் ஹக்கின் கூடவே வரும் ஜிம் என்ற அடிமை, இதில் ஜேம்ஸ் என்ற பெயரில் தன் கதையைத் தானே சொல்கிறான். ஆரம்பத்திலேயே ஒரு பாடம் வருகிறது. ஜேம்ஸ் பிள்ளைகளை உட்கார வைத்து மொழி சொல்லித்தருகிறான். நல்ல ஆங்கிலம் அவர்கள் எல்லோருக்கும் தெரியும், வீட்டுக்குள் அதைத்தான் பேசுகிறார்கள். வெள்ளையர் எதிரில் பேசவேண்டிய கொச்சையைத்தான் அவன் பயிற்றுவிக்கிறான். எஜமானியம்மாவின் சமையலறையில் தீப்பிடித்தால் என்ன சொல்வாய்? "தீ, தீ" என்று கத்தக் கூடாது. ஆபத்துக்குப் பெயர் வைக்கிற உரிமை அவர்களுடையது. "அம்மா, அங்கே பாருங்களேன்" என்கிற மாதிரி இழுத்து, அவர்களே கண்டுபிடித்ததாக விட்டுவிட வேண்டும். படிக்கும்போது சிரிப்பு வரும், சிரிப்பு முடிவதற்குள் தொண்டை அடைக்கும்.

இந்தப் பக்கங்களை இரண்டு பேராகச் சத்தமாக வாசிக்கச் சொல். ஒருவர் ஜேம்ஸ், இன்னொருவர் பிள்ளைகள். கண்ணால் ஓட்டும்போது பிடிபடாத ஒன்று வாயால் சொல்லும்போது தெரிந்துவிடும்: கொச்சைக்கும் இலக்கணம் இருக்கிறது, அதில் தப்பு செய்தால் உயிர் போகும். பிறகு, அவன் நிஜ மொழி தவறி வெளியே வரும் இடங்களை ஒவ்வொருவரும் பென்சிலால் குறித்துக்கொண்டு வரட்டும். பாம்பு கடித்து ஜுரத்தில் பிதற்றும்போது அப்படி ஒரு இடம் வருகிறது, ஹக் அதைக் கேட்டுவிடுகிறான். மற்ற இடங்களை நீங்களே தேடுங்கள். இந்த ஒரு வேலையே இரண்டு மணி நேரத்துக்குக் காணும்.

இதிலேயே ஒரு சிக்கலும் உண்டு. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் அந்த வசைச்சொல் இப்படிப்பட்ட நாவல்களில் அடிக்கடி வரும். சத்தமாக வாசிக்கும்போது அந்த இடத்தில் நிறுத்தி, தாண்டிப் போய்விடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். வாசிக்கிறவர் பாதியில் தடுமாறி, ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொள்வதற்கு அது எவ்வளவோ மேல். எழுத்தாளர் அதை ஏன் எழுதினார் என்பதைப் பேசலாம், அதற்கு வாயால் சொல்ல வேண்டியதில்லை. 'நீக்ரோ' என்று பழைய தமிழ்ப் புத்தகங்களில் சாதாரணமாக எழுதியிருப்பார்கள். அதையும் விட்டுவிடு. கறுப்பினத்தவர் என்றே சொல்லிப் பழகு.

அடுத்து யா ஜாஸியின் 'ஹோம்கோயிங்', 2016. கானாவில் பிறந்த இரண்டு சகோதரிகள், தாய் ஒருத்தி, தகப்பன்மார் வேறு. ஒருத்தி கேப் கோஸ்ட் கோட்டையின் மாடியில் பிரிட்டிஷ் அதிகாரியின் மனைவியாக இருக்கிறாள். மற்றவள் அதே கோட்டையின் நிலவறையில் அடிமையாகக் கப்பலுக்குக் காத்துக் கிடக்கிறாள். தன் சகோதரி கீழே கிடப்பது மாடியில் இருப்பவளுக்குத் தெரியாது. அங்கிருந்து ஏழு தலைமுறை, இரண்டு கிளை, மொத்தம் 14 அத்தியாயம், ஆளுக்கு ஒரே ஒரு அத்தியாயம். "இப்போதுதான் ஒருவரைப் பிடித்துப்போனது, அதற்குள் போய்விட்டாரே" என்று உங்களில் ஒருவராவது குறைப்படுவார். அந்தக் குறையைத்தான் பேச வேண்டும். ஒரு கிளையில் ஏழு பேர் என்றால் இடையில் ஆறு இடைவெளி. இரண்டு கிளைக்கும் சேர்த்து 12. நீங்கள் ஆறு பேர், ஆளுக்கு இரண்டு இடைவெளி, கிளைக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றவர் அத்தியாயம் முடிவதற்கும் பிள்ளை அத்தியாயம் தொடங்குவதற்கும் நடுவில் எது சொல்லாமல் விடப்பட்டது, எது பிள்ளைக்குத் தெரியாமலே போனது என்று இரண்டு மூன்று வரி எழுதி வந்தால் போதும்.

ஒரு இடைவெளியை மட்டும் சொல்கிறேன், கதை கெட்டுப்போகாது. நிலவறைச் சகோதரியின் கிளையில் வரும் கோஜோ, அமெரிக்காவின் பால்டிமோரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறான். 1850இல், தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துக்கொடுக்கும் சட்டம் வருகிறது. கர்ப்பிணியான அவன் மனைவியைத் தூக்கிப் போய்விடுகிறார்கள். அடுத்து அந்தக் கிளையில் வருகிறவனுக்கு முழுப் பெயர்கூட இல்லை, ஹெச் என்ற ஒற்றை எழுத்துதான். தன் தகப்பன் யார், எப்படிப்பட்டவன் என்று அவனுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். அந்த அத்தியாயம் முழுக்க, மகனுக்குத் தெரியாததைச் சுமந்துகொண்டு நாம் படிக்கிறோம். அடிமைமுறை குடும்பங்களை என்ன செய்தது என்று ஜாஸி எங்கேயும் விளக்க உட்காரவில்லை. இரண்டு அத்தியாயங்களுக்கு நடுவில் இருக்கும் அந்த வெறும் தாளே சொல்லிவிடுகிறது.

சரித்திரக் குறிப்பு தேவைதான். அதற்கு ஒரே பக்கம், ஒரே ஆள், பத்து நிமிஷம். அதுவும் இடைவேளைக்குப் பிறகு. முதலிலேயே கொடுத்தால் நாவல் அந்தக் குறிப்புக்குப் படம் போட்ட மாதிரி ஆகிவிடும். ஹெச் சுரங்கத்துக்குப் போகும் பகுதிக்கு இவ்வளவு எழுதினால் போதும்: 1865இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது, ஆனால் குற்றத்துக்குத் தண்டனையாக வேலை வாங்குவதை விட்டுவைத்தது. அந்த ஓட்டை வழியாகக் கைதிகளைச் சுரங்கங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். அலபாமாவில் இது 1928 வரை நடந்தது.

கோல்சன் வைட்ஹெட்டின் 'தி நிக்கல் பாய்ஸ்' (2019) எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. சின்ன நாவல்தானே, பாதி பாதியாகப் பேசலாம் என்று தோன்றும். கூடாது. கடைசிப் பக்கங்கள் முன்னால் படித்த எல்லாவற்றையும் திருப்பிப் போடும். ஒருவர் முடிக்கவில்லை என்றாலும் கூட்டத்தை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். கதைக்குப் பின்னால் இருப்பது ஃப்ளோரிடாவின் மரியானாவில் 1900இலிருந்து 2011 வரை நடந்த டோசியர் சீர்திருத்தப் பள்ளி. மூடிய பிறகு அங்கே 55 புதைகுழிகளைத் தோண்டி எடுத்தார்கள். சிறுவர்களை அடித்து வதைக்கும் இடங்கள் நாவலில் உண்டு. அதைத் தாங்க முடியாதவர் குழுவில் இருக்கலாம், முன்னாலேயே சொல்லிவிடு.

ஜெஸ்மின் வார்டின் 'சிங், அன்பரீட், சிங்' (2017) என்றால் வேறு மாதிரித் தகராறு. பதின்மூன்று வயது ஜோஜோவும் அவன் தாய் லியோனியும் மாறி மாறிச் சொல்கிறார்கள், இறந்துபோன ஒரு சிறுவனும் சொல்கிறான். லியோனி போதைப்பழக்கம் உள்ளவள், பிள்ளைகளைக் கவனிப்பதில்லை. கூட்டம் முழுவதும் அவளைத் திட்டியே கழிந்துவிடும். திட்டட்டும், பதினைந்து நிமிஷம் விடு. அப்புறம் கேள்: வார்ட் எதற்காக இவளையும் "நான்" என்று பேச வைத்தார்? ஜோஜோ மட்டுமே சொல்லியிருந்தால் நமக்கு எது தெரியாமல் போயிருக்கும்? அவள் அத்தியாயத்திலிருந்து ஒரு பத்தியாவது வாசித்துவிட்டுத்தான் அவளைப் பற்றிப் பேசலாம் என்று விதி வைத்தால், பேச்சின் சூடு தானாக மாறும்.

பெர்னார்டின் எவரிஸ்டோவின் 'கேர்ள், உமன், அதர்' 2019இல் புக்கர் பரிசைப் பகிர்ந்துகொண்டது. பன்னிரண்டு பேர், முற்றுப்புள்ளி அபூர்வம். அதைக் கண்டு மிரளாதீர்கள். முதல் இருபது பக்கத்தை வாய்விட்டுப் படித்தால் மூச்சு எங்கே நிற்கிறது என்று பிடிபட்டுவிடும். ஷெர்லி என்ற ஆசிரியையை முதலில் மாணவிகள் கண்ணிலும், பிறகு அவளுடைய சொந்த அத்தியாயத்திலும் பார்த்து ஒப்பிடுங்கள். டாமி ஆரஞ்சின் 'தேர் தேர்' (2018) ஓக்லாண்ட் நகரத்து அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பற்றியது. அதிலும் நிறையப் பேர். பெயர்ச்சீட்டு ஒன்று எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை மாதிரி இருக்கிறதே என்று முன்னுரையைத் தாண்டிவிடாதீர்கள்.

குழுவில் கறுப்பினத் தோழி ஒருத்தி இருந்தால், "நீ சொல், இது உண்மையா?" என்று அவள் பக்கம் எல்லோரும் திரும்பக் கூடாது. அவள் கதை கேட்க வந்த வாசகி, ஒரு இனத்தின் பிரதிநிதியாக வரவில்லை. இன்னொன்று, "எங்களுக்கும் இப்படித்தான்" என்று உடனே தன் அனுபவத்தோடு ஒப்பிடுவது. ஒப்பிடலாம், கடைசி அரைமணியில். முதலில் ஒப்பிட்டால் எதிரில் இருக்கிற புத்தகம் மூடிக்கொள்ளும்.

மற்றபடி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஆளுக்கு ஒரு பத்தியும் ஒரு கேள்வியும் போதும். ஆளுக்கு ஒரு பதிப்பு வைத்திருப்பீர்கள், ஒலிப்புத்தகம் கேட்கிறவரும் இருப்பார், அதனால் பக்க எண் சொல்லாதே, அத்தியாயம் சொல்.

வரிசை இப்படி வைக்கலாம்: 'ஜேம்ஸ்', எவரிஸ்டோ, 'ஹோம்கோயிங்', ஆரஞ்ச், வைட்ஹெட், வார்ட். அடிமைக்காலத்தை அடுத்தடுத்து வைத்தால் இரண்டாவது மாதமே சோர்ந்துபோவீர்கள். ஏழாவது மாதம் என். கே. ஜெமிசினின் 'தி ஃபிஃப்த் சீசன்'. பூமியே அடிக்கடி பிளக்கும் ஒரு கற்பனை உலகம். அதில் தொடங்கும் தொடரின் மூன்று நாவல்களும் 2016, 2017, 2018 என்று தொடர்ந்து, அறிவியல் புனைகதைக்கும் கற்பனைக் கதைக்கும் தரும் ஹ்யூகோ பரிசை வாங்கின. துயரக் கதை மட்டும்தான் இவர்கள் எழுதுவார்கள் என்று உங்கள் பட்டியலே சொல்லிவிடக் கூடாது.

'ஜேம்ஸ்' கையில் கிடைத்ததும் அந்தப் பாடம் வரும் பக்கங்களை முதலில் நீ தனியாக ஒரு தடவை வாய்விட்டுப் படி. பிள்ளைகளின் குரலுக்கு யாரைச் சொல்லப் போகிறாய் என்று எழுது.

அன்புடன்,
அம்மா