செவலைக்கு ஒரு பெட்டி: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் நாய் செவலையின் அஸ்தியை வைக்க ஒரு மரப்பெட்டி செய்து தர முடியுமா, எவ்வளவு ஆகும் என்று கேட்டிருந்தாய். நான் செய்து தரமாட்டேன். நீயே செய். மரம் இருக்கிறது, கருவிகள் இருக்கின்றன, பக்கத்தில் நானும் நிற்பேன். குட்டியாகத் தூக்கி வந்தவன் நீ, உண்ணி பிடுங்கியவன் நீ, கடைசியில் கண் தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டபோது கயிறு பிடித்து நடத்தியவனும் நீ. அதற்காகச் செய்ய இன்னும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. அதைக் காசு கொடுத்து என் கையில் விடாதே.

அஸ்தியை வீட்டில் வைக்கக் கூடாது என்று அம்மா சொல்கிறார் என எழுதியிருந்தாய். அவரிடம் வாதாடாதே. மனிதர் அஸ்தியையே நாம் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. சேர வேண்டிய தண்ணீரில் சேர்த்துவிடுவதுதான் நம் பக்கத்து மரியாதை. திருப்புவனத்தில் வைகையில் கரைக்க வந்த அஸ்தி பூவாக மாறியது என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர் அவர். அதனால் ஒரு பங்கை அவர் கையாலேயே வைகையில் விடச் சொல். செவலைக்குத் தினமும் சோறு வைத்தவர் அவர்தானே, அந்த உரிமை அவருக்கு உண்டு. மீதி பெட்டிக்கு.

ஆனால் "ஒரு நாய்க்கு இத்தனை சடங்கா" என்று கேட்ட உன் மாமாவுக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவகத்தி என்ற வீரனுக்காக நட்ட கல். அதில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்த ஊரில் அன்று வாழ்ந்த எத்தனையோ பேரின் பெயர் நமக்குத் தெரியாது, நாயின் பெயர் தெரிகிறது. விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே கல் நட்டிருக்கிறார்கள். நம் ஊர்களில் மஞ்சுவிரட்டுக் காளை செத்தால் மாலை போட்டு மேளம் கொட்டிப் புதைப்பதை மாமாவும் பார்த்திருப்பார். இதெல்லாம் வெளிநாட்டு வழக்கம் என்று யாரும் உன்னிடம் சொல்ல வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம்.

உயிரோடு இருந்தபோதைய எடையில் கிலோவுக்குச் சுமார் 36 கன சென்டிமீட்டர் இடம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. செவலை நல்லபடியாக இருந்தபோது 18 கிலோ. அப்படியானால் 650 போதும். உள்ளளவு 10க்கு 10, உயரம் 8 சென்டிமீட்டர் என்று வைத்தால் 800 வரும். வைகைக்குப் போகிற பங்கு போக மிச்சமும் தாராளமாக அடங்கும், அதன் கழுத்துப் பட்டையையும் சுருட்டி உள்ளே வைக்கலாம். பார்க்கும்போது இவ்வளவு சிறிதா என்று உனக்கு மனசு கலங்கும். தகனத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் எலும்பின் சுண்ணாம்புச் சத்துதான்.

மரம் எதுவென்று நான் முன்பே முடிவு செய்துவிட்டேன். உங்கள் வாசல் பூவரசு காற்றில் சாய்ந்தபோது அடிமரத்தை அறுத்துக் கொண்டுவந்து என் பட்டறைப் பரணில் போட்டோம் அல்லவா, அந்தப் பலகைதான். ஒரு அங்குலக் கனம் நிழலில் காய ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும் என்பார்கள். இது அதைவிட நன்றாகவே காய்ந்துவிட்டது. தேக்கு வேண்டுமென்று உன் நண்பர்கள் சொல்வார்கள். தேக்கு அருமையான மரம்தான். ஆனால் செவலை வெயில் நேரமெல்லாம் படுத்துக் கிடந்தது பூவரசு நிழலில். அதன் வைரம், அதாவது உள்மரம், கருஞ்சிவப்பாக இருக்கும், இழைத்தால் பட்டுப்போல வரும், தண்ணீருக்கும் எளிதில் அசையாது. படகு வேலைக்கும் வண்டி வேலைக்கும் போன மரம்.

நான்கு பக்கங்களையும் ஒரே பலகையிலிருந்து வரிசையாக அறு. இடையில் வேறு துண்டைக் கலக்காதே. அப்போதுதான் மரத்தின் ரேகை ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு உடையாமல் சுற்றி ஓடும். மூலைகளை 45 டிகிரியில் வெட்டிச் சேர்ப்போம். வெட்டுமுகம் பசையைக் குடித்துவிடும். முதலில் மெல்லியதாக ஒரு பூச்சு கொடுத்துச் சற்று விட்டு, பிறகு மறுபடி பூசி ஒட்ட வேண்டும். இறுக்கிக் கட்டப் பழைய சைக்கிள் டியூப்பை நீளமாகக் கிழித்துச் சுற்றினால் போதும், நான்கு மூலையிலும் ஒரே மாதிரி அழுத்தும். காய்ந்த பிறகு ஒவ்வொரு மூலையிலும் ரம்பத்தால் கீறி மெல்லிய மரச்சில்லு செருகுவோம். வெறும் பசையை நம்ப முடியாது.

மேல்பலகையை மட்டும் ஒட்டாதே. மரம் நீளவாக்கில் பெரிதாக அசையாது, அகலவாக்கில் மழைக்காலத்தில் ஊதும், கோடையில் சுருங்கும். பக்கங்களின் உள்புறம் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்து, பலகையை அதற்குள் சும்மா நிற்க விடு. ஒட்டினால் ஒரு சித்திரை வெயிலுக்குள் வெடித்துவிடும். திறப்பு அடியில். அஸ்தியைக் கெட்டியான பையில் கட்டி வைத்து, அடிப்பலகையை நான்கு பித்தளைத் திருகாணியால் மூடு. இரும்பு வேண்டாம், துருப்பிடித்து மரத்தில் கறை இறங்கும். பித்தளை மென்மையானது. முதலில் துளை போட்டு, திருகாணியில் சோப்பைத் தடவி முடுக்கினால் தலை ஒடியாது.

பெயர் செதுக்குவதுதான் கடினம். செ, வ, லை மூன்றுமே வளைவுகள். ரேகையை எதிர்த்து உளி போகிற இடத்தில் சிராய் பிய்த்துக்கொண்டு வரும், அங்கே மறுபக்கத்திலிருந்து வர வேண்டும். மிச்சத் துண்டில் நன்றாகப் பழகிவிட்டு மேல்பலகைக்கு வா. பெயரைத் தவிர படம், வாசகம் எதுவும் வேண்டாம் என்பது என் எண்ணம், ஆனால் அது உன் விருப்பம்.

பாலிஷுக்கு ஆளிவிதை எண்ணெய், காய்ந்தபின் தேன்மெழுகு. எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதே. அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம். தண்ணீரில் முக்கிவிட வேண்டும், அல்லது வெளியே விரித்துக் காய வைக்க வேண்டும்.

அழுகை வந்தால் வேலையை நிறுத்து. கண் மங்கலாக இருக்கும்போது உளியைத் தொடாதே, அவசரமே இல்லை. அஸ்தி கெட்டுப்போகிற பொருள் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. இழைப்புளியைத் தீட்டி, பலகைகளைப் பரணிலிருந்து இறக்கி வைக்கிறேன். கழுத்துப் பட்டையை எடுத்து வா, அளவு பார்த்துக்கொள்வோம். அம்மாவுக்கு வர மனமிருந்தால் அவரையும் அழைத்து வா. உப்புத்தாள் போட இரண்டு கை கூடுதலாக இருந்தால் நல்லது.

அன்புடன்,
அண்ணன்