4294967297 பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் நேற்று வந்தது. முழங்கால் வலி குறைந்ததில் நிம்மதி. பேத்திக்குப் பள்ளியில் பகா எண் நடத்துகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் இதை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. கல்லூரியில் நாம் பெயரளவில் படித்துவிட்டுக் கடந்துபோன எண் ஒன்று இருக்கிறது: 4294967297. நம் கணக்கில் 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 297.

இது 2³² + 1. 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் வரும் வரிசை இது. இதே வரிசையில் இதற்கு முன் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். அடுத்தடுத்து வருபவையும் அப்படியே இருக்கும் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா 1640-இல் கடிதங்களில் எழுதினார். நிரூபணம் கையில் இல்லை என்றும் சொன்னார். 1729 டிசம்பரில் மாஸ்கோவிலிருந்து கோல்ட்பாக் என்ற கணித அறிஞர், பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த இன்னொரு கணித அறிஞரான ஆய்லருக்கு எழுதிய கடிதத்தின் பின்குறிப்பில் இதைப் பற்றிக் கேட்டார். ஆய்லர் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1732-இல் விடை வந்தது: 4294967297 பகா எண் அல்ல, அது 641 × 6700417.

641 என்பது 116-ஆவது பகா எண். 2, 3, 5 என்று ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால் 115 வகுத்தல் வீண். ஆனால் ஆய்லர் பின்னாளில் எழுதிய வழியைப் பார்: இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். அப்படிப்பட்டவை 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே அகப்பட்டுவிடுகிறது! இதற்கு அடிப்படையான தேற்றம் ஃபெர்மாவுடையதே என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. கருவி அவர் கையிலேயே இருந்தது.

இன்னொன்று, வகுக்காமலே இதைக் காட்டலாம். தாளை எடுத்துக்கொள். 641-ஆல் வகுக்கும்போது வரும் மீதியை மட்டும் கவனி. 5 × 2⁷ = 640; 641-க்கு 1 குறைவு, அதாவது மீதி −1. இதன் நான்காம் அடுக்கை எடுத்தால் 5⁴ × 2²⁸, மீதி 1. ஆனால் 5⁴ என்பது 625; 641-க்கு 16 குறைவு, ஆகவே அதன் இடத்தில் −2⁴ போடலாம். இப்போது −2³² தரும் மீதி 1. சரி, அப்படியானால் 2³² + 1 தரும் மீதி 0. முடிந்தது. பத்து இலக்கத்தில் ஒரு இலக்கத்தைக்கூட நாம் தொடவில்லை. 641 என்பது 5⁴ + 2⁴ ஆகவும் 5 × 2⁷ + 1 ஆகவும் ஒரே சமயத்தில் இருப்பதுதான் காரணம். எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இந்த வரிசையில் ஆறாவது பகா எண் ஒன்றை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பேத்தியிடம் விடையைச் சொல்லிவிடாதே. 193 முதல் 641 வரையிலான அந்த ஐந்து எண்களை மட்டும் கொடுத்து, 4294967297-ஐக் கையாலேயே வகுக்கச் சொல். அவள் போட்ட கணக்குத் தாளை அடுத்த கடிதத்தோடு சேர்த்து அனுப்பு. அப்புறம், மாத்திரையை நேரத்துக்குப் போடு.

அன்புடன்,
விஜயா